ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும்

ஜனவரி 11

பொடிசுக்கு அண்ணன் எழுதுவது.

நான் சுகம். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, வாலு எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாமே என்று நீ திட்டுவாய். என் காதுக்குப் போனில் உன் குரல் கொசு பாடுகிற மாதிரிதான் எட்டுகிறது. கடிதம் என்றால் இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம்.

வீடு மாறிவிட்டேன். உன் அண்ணி போன பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு அறை, எதற்கு அவ்வளவு பெரிய அடுப்படி? வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. ஒரே அறை. சமையல்கட்டில் நான் நின்றால் குழம்புக் கரண்டிக்கு இடமில்லை. ஜன்னலைத் திறந்தால் ரொட்டிக் கடையின் பின்சுவர். காலையில் ரொட்டி வாசனை இலவசம்.

வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். நல்ல மாதிரி. சாவி கொடுக்கும்போதே கேட்டார்.

"ஒரு வருஷத்துக்கு எழுதிக்கலாமா சார்? உங்களுக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல."

"வேண்டாம்மா. மாசாமாசம் இருக்கட்டும்."

"ஏன், எங்கயாவது போறீங்களா?"

"போனாலும் போவேன்."

சிரித்துவிட்டார். என் வயதில் ஒருவன் எங்கே போவான் என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். எனக்கு அதுதான் வசதி.

உங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னல் இன்னும் இறுகிக்கொண்டுதான் இருக்கிறதா? போன தடவை வந்தபோது எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோய்விட்டேன். அந்த அறையில் இப்போது என்ன வைத்திருக்கிறாய்?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வாலுவுக்கு ஒரு குட்டு, ஒரு முத்தம்.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலைவலி.

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? காலையிலிருந்து சாயங்காலம் வரை வாடகை அக்ரிமென்ட் டைப் அடிக்கிறவள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறேன். என் கூடப் பிறந்தவர் மாசாமாசம் என்று வாயாலேயே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள்.

மாத வாடகை என்றால் என்ன தெரியுமா? நீங்கள் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், சரி. அதே ஒரு மாதத்தில் அந்த அம்மாவும் உங்களைக் கிளப்பலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் வாடகையை ஏற்றுகிறேன் என்றால், கொடுக்க வேண்டும் அல்லது போக வேண்டும். போன வாரம் ஒரு டீச்சர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பரீட்சை நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் மாத வாடகைதான். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும்?

ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று எழுதிக்கொண்டால், அந்தக் கெடு முடிகிற வரை வாடகையும் ஏறாது, உங்களையும் தொட முடியாது. நடுவில் நீங்களாக விட்டுவிட்டுப் போக முடியாது. அது ஒன்றுதான் அதில் குறை. உங்களுக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?

உடனே அந்த அம்மாவிடம் பேசுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.

உங்கள் பொடிசு


மார்ச் 4

பொடிசுக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. உடம்புக்கு நல்லது. இரண்டு நாள் சளி இருந்தது, படித்ததும் போய்விட்டது.

எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடையில் இப்போது எனக்கு அரை நாள்தான் வேலை. முதலாளியின் மகன் ஒரு இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறான். லென்ஸை அதுவே வெட்டுகிறது. பிரேமில் பொருத்துவதற்கும், மூக்கு வலிக்கிறது காது வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கு வளைத்துக் கொடுப்பதற்கும் மட்டும் நான். ஆக மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மத்தியானத்துக்கு அப்புறம் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

சாமான் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. கீழே கடை வைத்திருக்கிற பார்பர் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணே, இது வீடா, பிளாட்பாரமா? எந்த ரயிலுக்கு உக்காந்திருக்கீங்க?"

"வரும்போது சொல்றேன்பா" என்றேன்.

உன் அண்ணியின் படத்தையும் தரையில்தான் சாய்த்து வைத்திருக்கிறேன். அப்பா நம்மை ஒரு வீட்டிலும் ஆணி அடிக்க விட்டதில்லையே. எப்போது மாற்றல் வரும், எப்போது கிளம்புவோம் என்று தெரியாது, அடுத்தவன் சுவரை ஓட்டை போடாதே என்பார். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டவர்கள் நாம். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை.

உங்கள் தெருப் பக்கம் ஒற்றை அறை வாடகை எப்படி? சும்மாதான் கேட்கிறேன். கடைக்கு வருகிற ஒருவர் விசாரித்தார்.

பின்னறை ஜன்னலைப் பற்றி நீ எழுதவில்லை. வெயில் காலம் வருகிறது. திறக்காவிட்டால் அறை வெந்துவிடும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறோம். வாலு பள்ளிக்கூடத்தில் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். முழங்கால் வலியில் மாமாவுக்குக் கூட்டாளி சேர்ந்துவிட்டாள் என்று இவர் கேலி செய்கிறார்.

உங்கள் கடைக்கு வருகிற அந்த ஆளுக்கு இந்த ஊரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாடகை ஆனை விலை, குதிரை விலை. ஒற்றை ஆளுக்கு வீடு கொடுக்கவே யோசிக்கிறார்கள். அதிலும் வயதானவர் என்றால், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பது என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்கிறார். மாத வாடகை என்ற பேச்சே இங்கே கிடையாது. யாராவது தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினால் உண்டு. ஆனால் இந்தக் காலத்தில் யார் வீட்டில் இடம் இருக்கிறது? எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னறையில் இஸ்திரி மேஜை, இவருடைய பழைய பத்திரிகைகள், ஒரு சக்கரம் கழன்ற சைக்கிள், போன வருஷத்துப் பெயிண்ட் டப்பா. ஜன்னல் வரை போகவே வழியில்லை. இவருக்கும் ஷிப்ட் வேலை, பகலில் தூங்குகிறவர். வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால் எழுந்துவிடுவார்.

பெட்டியைப் பிரியுங்கள் அண்ணா. அண்ணி பார்த்தால் சும்மா இருப்பார்களா? அக்ரிமென்ட் விஷயம் என்ன ஆயிற்று? பதிலே காணோம்.

உங்கள் பொடிசு


மே 7

பொடிசுக்கு,

எல்லோரும் சுகம்தானே. நானும் அப்படியே. வாலுவின் முட்டி ஆறியதா?

நீ ஜெயித்துவிட்டாய். வீட்டுக்காரம்மா நேற்று மாடி ஏறி வந்தார். அவருக்கு மூட்டு வலி, மாடி ஏறுகிறவர் இல்லை. வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"சார், என் பையனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. மாடிய அவங்களுக்குக் கொடுக்கலாம்னு பாக்கறேன். நீங்கதான் மாசாமாசம்னு சொல்லியிருந்தீங்களே... எனக்கே சொல்ல வாய் வரல."

"இதுல என்னம்மா இருக்கு. உங்க வீடு" என்றேன். நல்லவேளை பெட்டி எதையும் பிரிக்கவில்லை என்றும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

ஜூன் மாதம் முடிய நேரம் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் சொன்னால் போதும், அவர் அதற்கு மேலேயே கொடுத்திருக்கிறார்.

இந்த வயதில் மறுபடி வீடு தேடித் தெருத் தெருவாக ஏறி இறங்க எனக்கு ஆசையில்லை. கடையில் அரை நாள் வேலைக்காக இந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? உன் மனதில் பட்டதை எழுது. நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

பின்னறைச் சைக்கிளை நான் வந்தால் ஒழுங்கு பண்ணித் தருவேன். சக்கரம் ஒன்றும் பெரிய வேலை இல்லை.

மாப்பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காமல் இந்தக் கடிதத்தைப் படி. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

எதற்கும் கவலைப்படாதீர்கள். எல்லாம் முடிந்துவிட்டது!

உங்கள் கடிதம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பார்பர் கடைக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடச் சொல்லிப் பேசினேன். நீங்கள் கடையில் இருந்தீர்களாம், அதுவும் நல்லதாயிற்று. இருந்தால் நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்திருப்பீர்கள். பாவம், நல்ல மனுஷி. அவர்களுக்கும் உங்களைக் கிளப்புவதில் இஷ்டமில்லை. நான் வழி சொன்னேன். கீழ் ஹால் பெரிதுதானே, நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் பையனுக்கும் மருமகளுக்கும் தனி அறை ஆகிவிடும், மூட்டு வலிக்காரியான உங்களுக்கும் மருமகள் பக்கத்திலேயே இருப்பாள், மாடியில் நிரந்தரமாக ஒரு வாடகையும் வரும் என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். மகனிடமும் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

விடுவேனா? மூன்று வருஷத்துக்கு அக்ரிமென்ட் எழுதிவிட்டேன். ஆபீஸ் மாதிரிப் படிவத்தைத் தொடாமல் நானே வரி வரியாக யோசித்து டைப் அடித்தேன். இத்துடன் இரண்டு பிரதி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு வாடகை ஏறாது. அவர்கள் உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது. அவர்கள் கேட்டபடி, நீங்களும் நடுவில் விட்டுப் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். பையனை ஹாலுக்கு மாற்றுகிறார்களே, அவர்களுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் இல்லையா? கெடு முடிந்த பிறகும் நீங்கள் அங்கேயே இருந்தால் தானாக மாத வாடகையாக மாறிவிடும் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அது உங்கள் ஆசைக்காக.

இனிமேல் யாரும் உங்களை அசைக்க முடியாது. நீங்களே நினைத்தாலும் முடியாது!

இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஒன்றை அந்த அம்மாவிடம் கொடுங்கள். எனக்கு இன்றைக்குத்தான் நிம்மதி. அண்ணனுக்கு நானும் ஒரு காரியம் செய்தேன் என்று இருக்கிறது.

உங்கள் பொடிசு


ஜூன் 2

பொடிசுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

அக்ரிமென்ட் வந்தது. இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒன்றை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் உன்னைப் பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசினார். இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றேன்.

எழுத்து ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. ஒரு பிழை இல்லை.

பெட்டிகளைப் பிரித்துவிட்டேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இங்கே நலம். ஜூலை முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட கடிதம் கிடைத்ததோ இல்லையோ. பார்பர் கடைக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காரும்மா, காலைல கடைக்குப் போறாரு, சாயங்காலம் நம்ம பெஞ்சுலதான் பேப்பர் படிக்கறாரு" என்றார். உங்களைக் கூப்பிடச் சொன்னேன். காது கேட்காதாம், கடிதம் போடச் சொன்னாராம்.

ஏதாவது கோபமா? உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது குறையா? சுவர் ஒழுகினாலும், குழாய் ரிப்பேர் என்றாலும் அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

வாலு உங்களுக்குத் தனியாக ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள். அதில் மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது நீங்களாம். கண்ணாடிதான் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

பதில் போடுங்கள் அண்ணா.

பொடிசு


செப்டம்பர் 1

அண்ணா,

சுகமா என்று கேட்கக்கூட எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுகமா?

நேற்று மத்தியானம் இவர் எழுந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஏன் எழுதவே மாட்டேன் என்கிறார், நான் அவ்வளவு கஷ்டப்பட்டு அக்ரிமென்ட் போட்டுக் கொடுத்தேனே என்று இவரிடம் புலம்பினேன். இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதனாலதான் எழுதல."

"எதனால?"

"மச்சான் நம்ம கூட வந்து இருக்கணும்னுதானே கேட்டுக்கிட்டு இருந்தாரு? நீ வேண்டாம்னு சொல்லிட்டே."

"நான் எப்ப சொன்னேன்? அவர் எப்ப கேட்டாரு?"

"லெட்டர் வந்தா எனக்குப் படிச்சுக் காட்டறவ நீ. எல்லா லெட்டர்லயும் பின்னறை ஜன்னல், பின்னறை சைக்கிள்னு எழுதினாரு. உனக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சேன். அண்ணன் தங்கச்சி விவகாரம்னு நான் வாயத் தொறக்கல."

"உங்க தூக்கம் கெடும்னு..."

"நான் எப்பவாவது சொன்னேனா?"

சொன்னதில்லை. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இவர் வேலைக்குப் போன பிறகு எல்லாக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். 'ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும்.' நான் சொல்வதற்காகத்தான் அந்த ஒரு மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? 'நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்குப் பதிலாக மூன்று வருஷத்துக்கு உங்களை அங்கேயே கட்டிப்போட்டு, ஆச்சரியக்குறி வேறு போட்டு அனுப்பியிருக்கிறேன். நீங்களே நினைத்தாலும் முடியாது என்று. ஜூன் மாதக் கடிதத்தில் நீங்கள் பின்னறையைப் பற்றிக் கேட்கவில்லை. அதையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

வேலைப் புத்தி அண்ணா. யார் வீட்டைப் பற்றிப் பேசினாலும் எனக்கு அக்ரிமென்ட்தான் தெரிகிறது. பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்தெல்லாம் தெரிகிறது, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. இதற்கு என்ன கண்ணாடி போட வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கிளம்பி வாருங்கள். அந்த அக்ரிமென்ட்டை நான் எழுதினேன், அதை எப்படி அவிழ்ப்பது என்றும் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பதிலாக ஒரு நல்ல குடித்தனக்காரரை நாமே பார்த்துக் கொடுத்தால் அந்த அம்மா விட்டுவிடுவார்கள். நான் பேசுகிறேன். இவர் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லச் சொன்னார்.

வாங்க அண்ணா. தயவுசெய்து.

பொடிசு


அக்டோபர் 20

அன்புள்ள பொடிசுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்தில் மை பரவியிருக்கிறது. முதலில் முகத்தைக் கழுவு.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதே. எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று அதிகமாகக் கோபித்துக்கொண்டேன் அல்லது அதிகமாகப் பொய் சொன்னேன். கிழித்துப் போட்டேன்.

ஆமாம், கேட்டேன். வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். உன்னைவிட எனக்குத்தான் அதில் தப்பு அதிகம். ஆனால் உன்னைத் தூக்கி வளர்த்தவன், உன் கல்யாணத்தில் முன்னால் நின்றவன், உன் வீட்டு வாசலில் வந்து இடம் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பேன்? நீயாக 'வா' என்று சொன்னால் பெருமையாக வந்திருப்பேன். அதற்காக ஜன்னலையும் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். மாப்பிள்ளை கெட்டிக்காரர். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஆனால் இப்போது வர முடியாது. அக்ரிமென்ட்டுக்காகச் சொல்லவில்லை. காகிதத்தை அவிழ்க்கலாம். கீழே ஹாலில் தடுப்பு வைத்தாயிற்று. அந்தப் பையனும் புதுப்பெண்ணும் அதற்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் நலம் விசாரிக்க வேண்டிய தூரத்தில் மாமியார். எனக்கு மாடியை விட்டுக்கொடுத்துவிட்டு அப்படி இருக்கிறார்கள். அந்தப் பெண் தினம் மத்தியானம் மேலே வந்து என் மேஜையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். கீழே அவளுக்கு மேஜை போட இடமில்லை. ரொட்டி வாசனையில் பாடம் ஏறவில்லை என்று புகார் வேறு. நாலு மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் நீ கூப்பிட்டிருந்தால் பதில் எழுதக்கூட நேரம் வீணாக்காமல் வந்து நின்றிருப்பேன். இப்போது கூப்பிடுவது நீயா, உன் வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. வருத்தப்பட்டுக் கூப்பிட்ட வீட்டில் ஒருவன் இன்னொரு கரண்டி சோறு கேட்கவும் யோசிப்பான். நீயும் ஒவ்வொரு வேளையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். இரண்டு பேருக்கும் அது வேண்டாம்.

உன் அண்ணியின் படத்தை மாட்டிவிட்டேன். பார்பரிடம் சுத்தியல் வாங்கி நானே ஆணி அடித்தேன். முதல் ஆணி வளைந்துவிட்டது, இரண்டாவது நின்றது. அப்பா இருந்தால் கத்தியிருப்பார். அடித்து முடித்ததும் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

வாலு வரைந்த படத்தையும் அதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். கண்ணாடி அளவு சரியில்லை என்று அவளிடம் சொல். மூக்கில் நிற்காது.

இனி கடிதம் ஒழுங்காகப் போடுகிறேன். நீயும் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முகம் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் உண்மையை எழுதிய பிறகு நான் பாதி உண்மையோடு நிறுத்தினால் நன்றாக இருக்காது. வேலைப் புத்தி என்று எழுதியிருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. மே மாதம் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன். இஸ்திரி மேஜையை எங்கே போடுவது, பத்திரிகைக் கட்டை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மறுநாள் போன் செய்தேன். ஏன் திறந்தேன், ஏன் சாத்தினேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும். நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழுந்திருக்கிறது அண்ணா.

இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்னைத் திட்டினாலும் சரி, மன்னித்தாலும் சரி. இனி உங்களை வற்புறுத்த மாட்டேன். அந்தப் பெண் உங்கள் மேஜையிலேயே படித்துப் பாஸ் பண்ணட்டும்.

பின்னறையைக் காலி செய்துவிட்டோம். பத்திரிகைகளை எடைக்குப் போட்டோம். அதற்கு இவர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி மேஜை இப்போது என் கட்டிலை இடித்துக்கொண்டு நிற்கிறது. சைக்கிளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம். சக்கரம் போட ஆள் வர வேண்டும் என்று வாலு யாரையும் தொட விடவில்லை. ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. இவர் எண்ணெய் விட்டார், நான் இடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

இன்று ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு அக்ரிமென்ட் டைப் அடித்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னறை, கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, திறக்காது. முன்பணம் இல்லை. கெடு இல்லை. குடியிருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டியதில்லை, கதவைத் தட்டினால் போதும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லக் கூடாது. வராவிட்டாலும் அறையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு நான் மட்டும் போட்டிருக்கிறேன்.

உங்கள் பொடிசு